பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. உடம்பு, பிணவறை, சாவு, அவற்றைப் பற்றி எழுதப்பட்ட கவிதைகள். நான் முப்பது வருடத்துக்கு மேல் மருத்துவக் கல்லூரியில் அனாடமி சொல்லிக்கொடுத்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நான் முதலாண்டு எம்.பி.பி.எஸ். படிக்கிறேன். டிசெக்‌ஷன் ஹாலுக்குப் போக ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. சீனியர் ஒருவர் கோட்ஃபிரீட் பென் என்ற ஜெர்மன் கவிஞரின் கவிதையைப் படிக்கக் கொடுத்தார். பிணத்தை அறுக்கும் டாக்டர் அதன் நெஞ்சுக்குள் ஒரு பூவை வைத்துத் தைத்துவிடுகிறார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஹாலில் வராத குமட்டல் கவிதையைப் படித்ததும் ஏன் வருகிறது? இதெல்லாம் கவிதைதானா? (மருத்துவ மாணவி, திருநெல்வேலி)

பதில்: கவிதைதான், அதில் சந்தேகம் வேண்டாம். உங்களுக்குக் குமட்டியதும் நியாயம்தான்.

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பென் ஒரு டாக்டர். பிணவறை என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய முதல் தொகுப்பு 1912-இல் பெர்லினில் வந்தபோது அவருக்கு வயது 25. நீங்கள் படித்தது அதன் முதல் கவிதை. தண்ணீரில் மூழ்கிச் செத்த ஒரு பீர் வண்டிக்காரரைத் தூக்கி மேஜை மேல் போடுகிறார்கள். அவருடைய பற்களுக்கு நடுவே யாரோ ஒரு ஊதா நிற ஆஸ்டர் பூவைச் செருகியிருக்கிறார்கள். டாக்டர் நெஞ்சுப் பக்கமிருந்து தோலுக்கடியில் நீளக் கத்தியை விட்டு நாக்கையும் அண்ணத்தையும் அறுத்தெடுக்கும்போது பூ நழுவிப் பக்கத்தில் இருந்த மூளைமேல் விழுகிறது. தைக்கிற நேரத்தில் அதை எடுத்து நெஞ்சுக்குள் வைத்து மூடுகிறார். கடைசியில், நிம்மதியாக இளைப்பாறு என்று சொல்கிறார். அதைப் பூவிடம்தான் சொல்கிறார், மனிதரிடம் இல்லை.

உங்கள் குமட்டலுக்குக் காரணம் ரத்தமோ கத்தியோ இல்லை என்று நினைக்கிறேன், அதையெல்லாம் நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். ஹாலில் உங்களுக்கு வேலை இருக்கிறது. இந்த நரம்பு எங்கிருந்து கிளம்புகிறது, இந்தத் தமனி எந்தத் தசைக்கு அடியில் போகிறது, வைவாவில் என்ன கேட்பார்கள், பக்கத்தில் நிற்பவள் புத்தகத்தை உரக்கப் படிக்கிறாளா இல்லையா என்று மனசுக்கு ஆயிரம் பிடிமானம். கவிதையில் அது எதுவும் இல்லை. அந்த மனிதருக்குப் போக வேண்டிய தாலாட்டு ஒரு பூவுக்குப் போய்விட்டது, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை. பென் துக்கப்பட மறுத்துவிட்ட இடத்தில் நீங்கள் துக்கப்பட்டிருக்கிறீர்கள். வயிற்றைப் புரட்டியது அதுதான்.

இதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று சொல்கிறேன். எண்பதுகளின் கடைசி. டியூட்டராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். நான்காவது டேபிளில் ஒரு வயதான அம்மா. ஆஸ்பத்திரியில் இறந்து, வாங்கிக்கொள்ள யாரும் வராத உடம்பு. பெயர் கிடையாது, கால் கட்டைவிரலில் கட்டிய தகர வில்லையில் ஒரு நம்பர் மட்டும். வழக்கம்போல மார்பிலும் அக்குளிலும் ஆரம்பித்தோம். அக்குளின் கொழுப்பை ஃபோர்செப்ஸால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன் திடீரென்று நிறுத்தி, "சார், இங்க பாருங்க" என்றான். மொச்சைக்கொட்டை அளவில் ஒரு நிணநீர்க் கணு, உடம்புக்குள் ஓடுகிற நிணநீரை வடிகட்டுகிற சின்ன முடிச்சு. சாதாரணமாக இளம்பழுப்பாக இருக்க வேண்டியது, அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பாக இருந்தது. "கேன்சரா சார்?" என்றான். எனக்கும் ஒரு நிமிஷம் அந்தச் சந்தேகம்தான்.

எங்கள் அட்டெண்டர் பக்கத்தில் வந்தார். எனக்கு முன்பே இருபது வருடமாக அந்த ஹாலில் இருந்தவர். ஒன்றும் பேசாமல் அந்த அம்மாவின் கையைத் திருப்பி, முன்கையின் உட்பக்கத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தார். உடம்பைப் பதப்படுத்துகிற ஃபார்மலினில் பழுப்பேறிப்போன தோலுக்குள்ளிருந்து மெல்ல ஒரு பச்சை தெரிந்தது. ஒரு சின்னக் கோலம், அதற்குக் கீழே ஒரு ஆணின் பெயர், நான்கே எழுத்து, கடைசி எழுத்து கொஞ்சம் சாய்ந்திருந்தது.

பச்சை குத்துகிற மை பெரும்பாலும் கரிதான். தோலின் அடி அடுக்கில் இருக்கிற செல்கள் அதை விழுங்கி வைத்துக்கொள்வதால்தான் அது சாகும்வரை அழிவதில்லை. ஆனால் அதில் துளித்துளியாகக் கொஞ்சம் நிணநீரோடு நகர்ந்து அக்குளில் இருக்கிற கணுவில் போய்த் தங்கிவிடும். முன்கையில் யாரோ ஊசியால் எழுதிய பெயர், அவ்வளவு வருடத்தில் அந்த அம்மாவின் உடம்புக்குள் முக்கால் முழம் நடந்து போயிருந்தது. அட்டெண்டர் துணியைப் பிழிந்துகொண்டே, "யாரோ ஒருத்தர் இருந்திருக்காங்க சார் இந்தம்மாவுக்கு" என்றார்.

சில வாரம் கழித்து முன்கையை அறுக்க வேண்டிய முறை வந்தது. அந்த டேபிள் பிள்ளைகள் அந்தக் கையைத் தொடவில்லை. நான் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. பக்கத்து டேபிளில் போய் நின்று படித்துக்கொண்டார்கள்.

திருமூலர் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும்:

ஊரெலாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே.

பள்ளிக்கூடத்தில் இதை நிலையாமை என்று ஒரு வார்த்தையில் நடத்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நான்காவது டேபிளுக்குப் பிறகு எனக்கு இது குற்றப்பத்திரிகை மாதிரித்தான் கேட்கிறது. கூடி, அழுதிட்டு, நீக்கி, பேரிட்டு, கொண்டுபோய், சுட்டிட்டு, மூழ்கி என்று வினையெச்சமாகவே ஓடுகிறது பாருங்கள், மூச்சுவிட இடம் கிடையாது, மறந்துவிடுவதில் போய்த்தான் நிற்கிறது. அதிலும் அந்த இரண்டாவது வரி. உயிர் போனதை அவர் சொல்லவே இல்லை, பேர் போனதைத்தான் சொல்கிறார். ஒரு பேரை எடுத்துவிட்டு இன்னொரு பேரை வைத்தது சாவு இல்லை, கூடி நின்ற நாம்தான்.

உடம்பைப் பற்றிய எந்தக் கவிதையைப் படித்தாலும் நான் பார்ப்பது இதைத்தான். அந்தப் பேரைத் திரும்பக் கொடுக்க அது ஏதாவது செய்கிறதா, இல்லை, அதுவும் சேர்ந்து நீக்குகிறதா? பென்னின் வண்டிக்காரருக்குத் தொழில் இருக்கிறது, பேர் இல்லை. ஆனால் அந்தப் பூவை வைத்த "யாரோ" ஒருவரை அவர் விட்டுவைத்திருக்கிறார். எங்கள் அட்டெண்டர் சொன்ன அதே "யாரோ". கவிதையை மறுபடி எடுத்து அந்த ஒரு சொல்லில் நின்று படித்துப் பாருங்கள். அப்புறம், நாளைக்கு ஹாலுக்குப் போனதும் கத்தியை எடுக்கிறதற்கு முன் கையைக் கொஞ்சம் பாருங்கள். நகம், காய்ப்பு, தழும்பு, மோதிரம் இருந்த தடம், எதுவாக இருந்தாலும் சரி. ஒரு நிமிஷம் போதும். சாப்பிடாமல் இருக்காதீர்கள் அம்மா, மூன்று மணி நேரம் நின்றுகொண்டே செய்கிற வேலை அது.

கேள்வி: நாலடியாரில் "தூய்தன்மை" அதிகாரத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. உடம்பு அசுத்தம் என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிவிட்டுப் போகட்டும், அதற்கு எப்போதும் பெண்ணுடம்புதானா கிடைத்தது? (தமிழாசிரியை, கும்பகோணம்)

பதில்: உங்கள் கோபத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் பாட்டை என்னால் தூக்கி எறியவும் முடியவில்லை. 

மாக்கேழ் மடநல்லாய் என்றரற்றும் சான்றவர்
நோக்கார்கொல் நொய்யதோர் புக்கிலை - யாக்கைக்கோர்
ஈச்சிற கன்னதோர் தோல்அறினும் வேண்டுமே
காக்கை கடிவதோர் கோல்.

மாந்தளிர் நிறத்தழகி என்று பிதற்றுகிறவர்கள் இந்த அற்பமான குடிசையைப் பார்க்க மாட்டார்களா, ஈயின் சிறகளவு தோல் அறுந்தாலும் காக்கை விரட்ட ஒரு கோல் வேண்டுமே என்கிறார். தொழில்முறையில் சொல்கிறேன், இந்தக் கண் அசாத்தியமான கண். உடம்பின் பெரும்பகுதியில் நம் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு ஈச்சிறகை விட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதோடு, சிறகு என்று சொன்ன மாத்திரத்தில் ஈயும் வந்து உட்கார்ந்துவிடுகிறது, புண் இருக்கும் இடத்துக்கு முதலில் வருவது அதுதானே. காக்கையும் கோலும் அப்புறம்தான் வருகின்றன.

குறை எங்கே என்றால், அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் யார் என்பதில். பெண் கிடக்கிறாள், அவர் வெளியே நின்று பேசுகிறார். ஈச்சிறகளவு தோல் அவருக்கும்தான் இருக்கிறது, அது அறுந்தாலும் காக்கை வரும். துறவிகள் துறவிகளுக்குச் சொல்லிக்கொண்ட பாடம் அது, ஆசையை அடக்க ஆசைப்பட்ட பொருளை இழிவாக்குவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். டேபிளில் தோலை எடுத்துவிட்டால் ஆண் முன்கைக்கும் பெண் முன்கைக்கும் வித்தியாசம் சொல்ல எங்கள் பிள்ளைகள் திணறுவார்கள்.

இதே நிலையாமையைச் சொல்லி, ஆனால் தன்னையும் உள்ளே சேர்த்துக்கொண்ட பாட்டு வேண்டுமென்றால் குண்டலகேசிக்குப் போங்கள். முழு நூல் நமக்குக் கிடைக்கவில்லை, கிடைத்த சில பாட்டுகளில் இது ஒன்று:

பாளையாம் தன்மை செத்தும் பாலனாம் தன்மை செத்தும்
காளையாம் தன்மை செத்தும் காமுறும் இளமை செத்தும்
மீளும்இவ் இயல்பும் இன்னே மேல்வரு மூப்பும் ஆகி
நாளும்நாள் சாகின் றோமால் நமக்குநாம் அழாதது என்னோ.

செத்தும், செத்தும் என்று அடுக்கிக்கொண்டே வந்து கடைசியில் "நமக்கு நாம்" என்று திரும்புகிறது. குழந்தையாக இருந்தவன் செத்தான், இளைஞனாக இருந்தவன் செத்தான், அப்போதெல்லாம் நாம் அழவில்லையே என்கிறது. இதில் யாரும் யாரையும் இழிவுபடுத்தவில்லை. டேபிளில் கவிஞரே படுத்திருக்கிறார்.

அப்புறம் வகுப்பில் புறநானூறு 256-ஐயும் பக்கத்தில் வைத்து நடத்துங்கள். கணவன் இறந்துவிட்டான். அந்தப் பெண் பிணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, நேராகக் குயவனிடம் போகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சின்ன வெள்ளைப் பல்லி மாதிரி அவனோடு எத்தனையோ காடு கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்து அவனை அடக்கம் செய்கிற தாழியைக் கொஞ்சம் அகலமாக வனைந்து கொடு என்கிறாள். எழுதியவர் பெயர் தெரியவில்லை. ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த தாழிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும். ஒரு பெரிய ஆளை உள்ளே வைக்க வேண்டுமென்றால் முழங்காலை மார்போடு மடக்க வேண்டும், இன்னொருவருக்கு இடமே இருக்காது. அவள் கேட்பது அளவு தெரிந்து கேட்கிற அகலம். இதைவிடப் பெரிய காதல் பாட்டும் இதைவிடப் பெரிய உடம்புப் பாட்டும் தமிழில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: வீட்டில் பட்டினத்தார் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் எட்டு வயது மகன் "நாமளும் செத்துப்போவோமா?" என்று கேட்டான். நான் பேச்சை மாற்றிவிட்டேன். தப்பா? (குடும்பத்தலைவி, சேலம்)

பதில்: தப்பில்லை, ஆனால் அவன் மறுபடி கேட்பான். கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், ரொம்ப நாள் கழித்து என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அடுத்த கேள்வி "நீ செத்துட்டா எனக்கு யாரு சோறு போடுவா?" என்றுதான் இருக்கும். அதற்கும் அப்பா, பாட்டி, அத்தை என்று பேர் சொல்லி நேரான பதில் கொடுங்கள்.

கேள்வி: பிணத்தை அறுத்துப் படிப்பதை வெள்ளைக்காரர்கள்தான் ஆரம்பித்தார்கள் என்கிறார்கள். நம் முன்னோர் செய்யவில்லையா? நம் கவிதைகளில் ஏன் அது இல்லை? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: செய்திருக்கிறார்கள், ஆனால் முறை வேறு. சமஸ்கிருதத்தில் இருக்கிற சுசுருத சம்ஹிதை அதை விவரமாகச் சொல்கிறது. விஷத்தால் சாகாத, நாள்பட்ட நோயில் கிடக்காத, நூறு வயது ஆகாத, உறுப்பெல்லாம் முழுசாக இருக்கிற உடம்பாகப் பார்த்து எடுக்க வேண்டும். குடலில் உள்ளதை நீக்கிவிட்டு, புல்லோ மரப்பட்டையோ சுற்றி, கூண்டில் வைத்து, மறைவான இடத்தில் ஓடுகிற தண்ணீரில் போட வேண்டும். ஏழு ராத்திரி. ஊறி இளகியதும் எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் இப்படி ஏதாவது ஒன்றில் செய்த தூரிகையால் மெல்ல மெல்லத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்காகக் கண்ணால் பார்த்துக்கொண்டே போக வேண்டும். படிக்கிறபோது எனக்கு அந்த மாணவர்களின் மூக்கை நினைத்துத்தான் பாவமாக இருக்கும். ஆனால் என்ன பொறுமை! ஃபார்மலினும் கூரான கத்தியும் இருந்தும் எங்கள் பிள்ளைகளால் தோலைக் கிழிக்காமல் உரிக்க முடிவதில்லை.

பின்னாளில் இந்தப் பழக்கம் நின்றுபோனது. ஐரோப்பாவில் வெசாலியஸ் என்ற அனாடமி பேராசிரியர் தன் கையாலேயே அறுத்துப் பார்த்து எழுதிய பெரிய புத்தகம் 1543-இல் அச்சாகிறது. நம் நாட்டில் மேற்கத்திய முறையில் மதுசூதன் குப்தா கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் முதன்முதலாகக் கத்தியை வைத்தது 1836-இல்.

கவிதையில் வித்தியாசம் ஏன் என்பதற்கு என் யோசனை இது. நம் கவிகள் பிணத்தைப் பார்த்த இடம் சுடுகாடு. மணிமேகலையில் வருகிற சக்கரவாளக் கோட்டத்தைப் பாருங்கள், "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியில் கவிப்போர்" என்று ஊரில் எத்தனை விதமாகப் பிணத்தை அனுப்பினார்களோ அத்தனையும் வந்துவிடும். அதனால் நம் பாட்டுகளில் நெருப்பு, நரி, காக்கை, நாற்றம். அவர்கள் பார்த்த இடம் மேஜை. அதனால் அங்கே வெளிச்சம், கத்தி, சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற முகங்கள். ரெம்பிராண்ட் 1632-இல் வரைந்த, டாக்டர் டுல்ப் பாடம் நடத்துகிற ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். பிணத்தின் இடது முன்கையைத்தான் திறந்து வைத்திருக்கிறார்கள், அதன் தசையை டுல்ப் இடுக்கியால் தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்தக் காலத்தில் சீக்கிரம் அழுகுகிற வயிற்றில்தான் ஆரம்பிப்பார்கள், அதனால் இது ஓவியருக்காகச் செய்த மாற்றம் என்று படுகிறது. படுத்திருப்பவரின் பேர் நமக்குத் தெரியும், ஆரிஸ் கிண்ட். திருட்டுக்காகத் தூக்கிலிடப்பட்டவர். குற்றவாளியாக இருந்ததால்தான் பேர் பதிவில் தங்கியது. ஏழையாக ஆஸ்பத்திரியில் செத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

கேள்வி: நான் அறுத்துப் படித்த கையைப் பற்றி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். நண்பர்கள் வக்கிரம் என்கிறார்கள். இறந்தவரைக் கேட்காமல் அவரைப் பற்றி எழுதலாமா? (ஹவுஸ் சர்ஜன், கோயம்புத்தூர்)

பதில்: கவிதையை அனுப்பியிருந்தீர்கள், படித்தேன். வக்கிரம் இல்லை. ஆனால் இரண்டாவது பத்தியில் அந்த உடம்பு எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, என்ன நோய், எந்த ஊர் என்று இருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள். உயிரோடு இருக்கிற ஒரு சொந்தக்காரர் படித்து அடையாளம் கண்டுகொள்ளக்கூடிய எதுவும் வேண்டாம். பேரைத் திரும்பக் கொடுப்பது என்று மேலே சொன்னேன், ஊருக்குக் காட்டிக்கொடுப்பது அது இல்லை.

ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் உங்களைப் போலத்தான் இருந்தவர். 1815-இல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அறுவைக்கு உதவியாளராக இருந்து, 1816-இல் தொழில் செய்ய லைசென்ஸும் வாங்கியபிறகு கவிதைக்குப் போனவர். அந்தக் காலத்து லண்டனில் அனாடமி மேஜைக்கு வந்த உடம்புகளில் பெரும்பாலானவை ராத்திரியில் புதைகுழியைத் தோண்டித் திருடியவை. எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 1828-இல் விற்பதற்காகவே பதினாறு பேரைக் கொன்றார்கள். அதற்குப் பிறகு 1832-இல் இங்கிலாந்தில் சட்டம் வந்தது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத ஏழைகளின் உடம்பைக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம் என்று. சரி, திருட்டு நின்றது. சம்மதம் கேட்கப்பட்டதா என்றால், இல்லை. எங்கள் நான்காவது டேபிள் அம்மாவையும் யாரும் கேட்கவில்லை. உங்கள் கேள்வி கவிதையோடு நிற்கிற கேள்வி இல்லை, அந்த ஹாலுக்கே உரிய கேள்வி.

கீட்ஸ் எழுதியதாக ஒரு எட்டு வரித் துண்டு உண்டு. சூடாக இருக்கிற, இறுகப் பற்றத் தெரிந்த இந்தக் கை நாளைக்குக் கல்லறைக் குளிரில் கிடந்தால் உன் பகலையும் ராத்திரிக் கனவையும் விடாது, உன் ரத்தத்தைக் கொடுத்தாவது இதை உயிர்ப்பிக்க நினைப்பாய் என்று சொல்லிக்கொண்டே வந்து, இதோ பார், உன்னிடம் நீட்டுகிறேன் என்று முடித்துவிடுவார். அவர் அறுத்த கையைப் பற்றி எழுதவில்லை, தன் கையை எழுதினார். 1820 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இருமி, துணியில் விழுந்த ரத்தத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, இதன் நிறம் எனக்குத் தெரியும், இது தமனி ரத்தம், நான் பிழைக்க மாட்டேன் என்று சொன்னதாக அவருடைய நண்பர் எழுதி வைத்திருக்கிறார். அடுத்த பிப்ரவரியில் ரோமில் காசநோயில் இறந்தார். வயது 25.

உங்கள் கவிதையில் அந்தக் கை இருக்கிறது, கத்தி இருக்கிறது, உங்கள் கை இல்லை. கையுறைக்குள் அது என்ன செய்துகொண்டிருந்தது? நடுங்கியதா, பழகிவிட்டதா? அதை எழுதுங்கள்.

கேள்வி: என் அப்பாவுக்கு 74 வயது. உடல் தானத்துக்கு எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்கிறார். "காதற்ற ஊசியும் வாராது" என்று பட்டினத்தாரையே எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பவர். அம்மா அழுகிறார், சம்மதிக்கவில்லை. அம்மாவிடம் படித்துக்காட்ட நல்ல கவிதை ஒன்று சொல்லுங்கள். (மகள், விருதுநகர்)

பதில்: அம்மாவிடம் கவிதை படித்துக்காட்டாதீர்கள். நாற்பது ஐம்பது வருடம் தொட்டுப் பழகிய உடம்பைப் பற்றி அவர் அழுகிறார், அதற்குப் பாட்டால் பதில் சொன்னால் வாயை அடைத்துப்போடுகிற மாதிரி ஆகிவிடும். என்ன பயம் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் மூன்று இருக்கும். கண்டபடி வெட்டுவார்களே, காரியம் செய்ய முடியாதே, கடைசியில் எங்கே கொண்டு போய்ப் போடுவார்களோ.

முதலாவதற்குப் பதில்: கண்டபடி வெட்டுவதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றிப் பதப்படுத்தி, ஒவ்வொரு பகுதியாக மாதக்கணக்கில் படிப்பார்கள். இப்போது பல கல்லூரிகளில் முதல் நாள் பிள்ளைகள் உடம்பின் முன் நின்று மரியாதையாக நடத்துவோம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். தாய்லாந்தில் தானம் கொடுத்தவரைப் பெரிய ஆசிரியர் என்றே அழைக்கிறார்கள். தைவானில் ட்சூ சி பல்கலைக்கழகத்தில் மௌன ஆசான் என்று பேர், அங்கே மாணவர்கள் அவருடைய வீட்டுக்கே போய், அவர் எப்படி வாழ்ந்தார் என்று குடும்பத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கத்தியை எடுக்கிறார்கள். இந்த வழக்கம் இங்கேயும் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இரண்டாவதற்கு: வீட்டில் செய்கிற எல்லாக் காரியமும் செய்யலாம். குளிப்பாட்டலாம், மாலை போடலாம், வாய்க்கரிசி போடலாம், அப்புறம்தான் உடம்பு போகும். நெருப்பு மட்டும்தான் தள்ளிப்போகிறது. படிப்பு முடிந்ததும் மிச்சத்தைக் கல்லூரியே தகனமோ அடக்கமோ செய்யும். அந்த நாளில் வர முடியுமா, சாம்பல் கிடைக்குமா என்று பதிவு செய்யும்போதே அம்மாவை வைத்துக்கொண்டு கேளுங்கள், அதுதான் மூன்றாவதற்குப் பதில்.

அப்பாவிடமும் ஒன்று சொல்லுங்கள். உடம்பை ஊத்தை, சடலம் என்று அத்தனை திட்டுத் திட்டிய பட்டினத்தார், பெற்றவள் செத்தபோது என்ன பாடினார்?

அரிசியோ நானிடுவேன் ஆத்தாள் தனக்கு
வரிசையிட்டுப் பார்த்து மகிழாமல் - உருசியுள்ள
தேனே திரவியமே செல்வத் திரவியப்பூ
மானே எனஅழைத்த வாய்க்கு.

துறவியின் கையில் ஒரு பிடி அரிசி, முன்னால் ஒரு வாய். திறக்காத வாய். அதை அவர் வாய் என்று பொதுவாக விடவில்லை, தேனே மானே என்று தன்னைக் கூப்பிட்ட வாய் என்கிறார். இந்தத் தடவை கடிதங்களைப் படித்துக்கொண்டிருந்தபோது பெர்லின் மேஜையில் பூவோடு கிடந்த அந்த வண்டிக்காரரின் வாயும் இந்த வாயும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பூ வைத்தவர் யாரென்று தெரியாது. அரிசி போடுகிறவருக்கோ, அந்த வாய் தன்னை என்னென்ன பேர் சொல்லிக் கூப்பிட்டது என்றுகூட ஞாபகம் இருக்கிறது. பற்றை அறுத்தவர் என்று அப்பா நம்புகிற பட்டினத்தாரே இங்கே அம்மா பக்கம்தான் நிற்கிறார்.

இனி நடைமுறை. பக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் அனாடமி துறையில் படிவம் கிடைக்கும். அப்பா கையெழுத்து போட்டால் மட்டும் போதாது, அந்த நேரத்தில் குடும்பம் சம்மதித்துத் தகவல் சொன்னால்தான் நடக்கும், அதனால் அம்மாவை மீறிச் செய்கிற காரியம் இது இல்லை. போஸ்ட்மார்ட்டம் செய்த உடம்பையும், எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி மாதிரித் தொற்று இருந்த உடம்பையும் பொதுவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கண்ணைக் கொடுத்துவிட்டு உடம்பையும் கொடுக்கலாம். கண் மட்டும் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமையை மூடி, மேலே ஈரப்பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலைக்கு ஒரு தலையணை வைத்துக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். டாக்டர் கொடுக்கும் இறப்புச் சான்று கையில் இருக்க வேண்டும்.

அம்மா சம்மதித்தால், படிவத்தின் நகலையும் அந்தத் துறையின் போன் நம்பரையும் அவரிடமே கொடுத்து வையுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் ஆறு மாதம் கழித்து அப்பாவே மறுபடி பேசட்டும்.